மழை நாளில் செயின்ட் ஜான்: ஓதத்தின் ஊரைச் சுற்றிப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவின் கிழக்குக் கரையில், ஃபண்டி வளைகுடாவின் ஓரத்தில் இருக்கும் செயின்ட் ஜான் நகரத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாளோ ஒன்றரை நாளோதான் தங்குகிறார்கள். அந்த ஒரு நாளில் மழை பிடித்துக்கொண்டால் பயணமே வீணாகிவிட்டது என்று விடுதி அறையில் உட்கார்ந்துவிடுகிறவர்களைப் பல முறை கண்டிருக்கிறேன். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

செயின்ட் ஜானும் செயின்ட் ஜான்ஸும் ஒரே ஊரா?

இல்லை. செயின்ட் ஜான் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் என்பது நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடார் மாகாணத்தின் தலைநகரம். இரண்டுக்கும் இடையே கடல் கிடக்கிறது. விமானச் சீட்டு எடுக்கும்போது ஊர்ப் பெயரோடு மாகாணத்தின் பெயரையும் கட்டாயம் பாருங்கள். நாம் பேசும் செயின்ட் ஜான் ஹாலிஃபாக்ஸிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ நான்கு மணி நேரத்திலும், மாங்க்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத்திலும் அடையக்கூடியது. நோவா ஸ்கோஷியாவின் டிக்பியிலிருந்து வளைகுடாவைக் கடந்து வரும் கப்பலும் உண்டு.

1604ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி, யோவான் ஸ்நானகரின் திருநாளன்று, பிரெஞ்சுக் கடலோடி சாம்ப்ளேன் இந்த ஆற்றின் முகத்துக்கு வந்து சேர்ந்ததால்தான் ஆற்றுக்கும் பிறகு ஊருக்கும் இந்தப் பெயர் வந்தது. இந்த மண்ணின் பழங்குடி மக்கள் ஆற்றை வொலஸ்தொக் என்றே அழைக்கிறார்கள்.

கடல் அங்கே உண்மையில் எவ்வளவு ஏறி இறங்குகிறது?

கடல் மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறோம். செயின்ட் ஜான் துறைமுகத்தில் சாதாரண நாளில் தாழ் ஓதத்துக்கும் உயர் ஓதத்துக்கும் இடையே ஆறேழு மீட்டர் வித்தியாசம் இருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓத நாள்களில் அது எட்டு மீட்டரைத் தாண்டும். சென்னைக் கடற்கரையில் இதே வித்தியாசம் பெரிய ஓதத்தின்போதுகூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும். வளைகுடாவின் உள்முனையில், நோவா ஸ்கோஷியாவின் பர்ன்ட்கோட் ஹெட்டில், இது 16 மீட்டர் வரை போகிறது; உலகிலேயே மிக உயர்ந்த ஓதம் அதுதான்.

ஆனால் எண்ணைவிட, ஒரு படகுத்துறையின் ஓரத்தில் போய் நின்று கீழே பார்ப்பதுதான் இதைச் சரியாக உணர்த்தும். தாழ் ஓதத்தில் துறையின் மரத்தூண்கள் இரண்டு மாடி உயரத்துக்கு வெளியே நிற்கும். மேல்பாதி வெளுத்துக் காய்ந்த மரம். அதற்குக் கீழே, கோடு கிழித்தாற்போல் ஒரே மட்டத்தில், கரும்பச்சைக் கடற்பாசியும் சிறு சிப்பிகளும் அப்பிக்கொண்டிருக்கும். இரும்பு ஏணியின் அடிப்படிகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஏணி முடியும் இடத்தில், மிகக் கீழே, படகு ஒன்று பொம்மைபோல் கிடக்கும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்தால், அந்தப் படகின் மேல்தளம் உங்கள் கால்மட்டத்தில் இருக்கும்.

இங்கே மட்டும் ஏன் இவ்வளவு பெரிய ஓதம்?

ஓதத்தை எழுப்புவது நிலவின் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும்தான். அது உலகெங்கும் பொது. ஃபண்டியின் தனிச்சிறப்பு அதன் நீளத்திலும் ஆழத்திலும் இருக்கிறது. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை அது திரும்பிவரும் தருணம் பார்த்துத் தள்ளினால், சிறு தள்ளலிலேயே ஊஞ்சல் உயர உயரப் போகும் அல்லவா? ஃபண்டியும் அதை ஒட்டிய மெய்ன் வளைகுடாவும் சேர்ந்த நீர்ப்பரப்பு ஒருமுறை முன்னும் பின்னும் அலைந்து முடிக்க ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகிறது. நிலவு தரும் தள்ளல் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. இரண்டும் கிட்டத்தட்டப் பொருந்திவிடுவதால் ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேர்ந்து நீரை மேலே எழுப்புகிறது. வளைகுடா உள்ளே போகப் போகக் குறுகி, ஆழம் குறைந்து, புனல்போல் ஆவதும் மட்டத்தை இன்னும் உயர்த்துகிறது. இந்தியாவில் குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் அளவுக்கு ஓதம் எழுவதை அறிந்தவர்களுக்கு இந்தப் புனல் விளக்கம் புதிதாக இருக்காது.

மழை பெய்தால் ஓதத்தைப் பார்க்க முடியாதா?

தாராளமாகப் பார்க்கலாம். இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். கடல் ஏறுவதும் இறங்குவதும் மழையைக் கேட்டு நடப்பதில்லை. வெயில் நாளில் எந்த நிமிடத்தில் வருமோ அதே நிமிடத்தில் மழை நாளிலும் ஓதம் வரும். ஆகவே செயின்ட் ஜானில் ஒரு நாளைத் திட்டமிடுகிறவர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது ஓத அட்டவணையை. வானிலை அறிக்கை அதற்குப் பிறகு போதும். கனடா அரசின் நீரியல் துறை ஒவ்வொரு துறைமுகத்துக்கும் உயர் ஓத, தாழ் ஓத நேரங்களை நாள்வாரியாக வெளியிடுகிறது. அட்டவணையில் கொடுத்திருக்கும் நேரம் கோடைக்கால நேரமா, சாதாரண நேரமா என்பதை மட்டும் கவனியுங்கள். இதில் தவறினால் ஒரு மணி நேரம் பிசகிவிடும்.

புயல் விதிவிலக்கு. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கிக் காற்றும் வீசினால் இன்னும் கூடும். 1869ஆம் ஆண்டு அக்டோபரில் இந்த வளைகுடாவைத் தாக்கிய சாக்ஸ்பி புயல் பெரிய ஓதத்தோடு சேர்ந்து வந்ததால் கரையோர அணைகளையெல்லாம் மீறி நீர் புகுந்தது. ஸ்டீபன் சாக்ஸ்பி என்னும் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, நிலவு பூமிக்கு மிக அருகில் வரும் அந்த நாளில் பேரோதம் எழும் என்று முந்தைய ஆண்டே எழுதி எச்சரித்திருந்தார். அவர் பெயரே புயலுக்கு நிலைத்துவிட்டது. புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில் கடலோரத்துக்குப் போகவே கூடாது. சாதாரண மழைக்கு இது பொருந்தாது.

ரிவர்சிங் ஃபால்ஸ் என்பது என்ன? அது அருவியா?

பெயரில் அருவி இருந்தாலும், உயரத்திலிருந்து விழும் நீரை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆறு தன் போக்கையே மாற்றிக்கொண்டு பின்னோக்கி ஓடும் ஒரு குறுகிய மலையிடுக்கு அது. 673 கிலோமீட்டர் ஓடிவரும் செயின்ட் ஜான் ஆறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்பு செங்குத்தான பாறைகளுக்கு நடுவே நெருக்கப்படுகிறது. நீருக்கடியில் பாறைத் திட்டு ஒன்று குறுக்கே கிடக்கிறது; அதைத் தாண்டியதும் ஏறத்தாழ 60 மீட்டர் ஆழமுள்ள மடு.

தாழ் ஓதத்தில் கடல் மட்டம் ஆற்று மட்டத்தைவிட நான்கு மீட்டருக்கு மேல் கீழே போய்விடுகிறது. ஆறு பாறைத் திட்டின்மேல் விழுந்து புரண்டு, சுழிகளும் நுரையுமாகக் கடலை நோக்கிப் பாய்கிறது. பிறகு கடல் ஏறுகிறது. ஏறி ஏறி இரண்டு மட்டமும் சமமாகும் தருணத்தில் இடுக்கு முழுவதும் சத்தம் அடங்கி, நீர் கண்ணாடிபோல் நின்றுவிடுகிறது. இருபது நிமிட அளவுக்கு நீளும் இந்த வேளையில்தான் படகுகள் அதைக் கடக்கின்றன. அதன் பிறகு கடல் ஆற்றைவிட உயர்ந்துவிட, அதே இடத்தில் அதே வேகத்தில் நீர் உள்நாட்டை நோக்கிப் பாய ஆரம்பிக்கிறது. இந்த ஓதத்தின் தாக்கம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஃபிரெடரிக்டன் வரை ஆற்றில் உணரப்படுகிறது.

பழங்குடி மக்களின் கதையில், ராட்சத பீவர் (மரங்களை வெட்டி ஆற்றில் அணை கட்டும் விலங்கு) ஒன்று ஆற்றை அடைத்துக் கட்டியிருந்த அணையை க்ளூஸ்கேப் என்னும் மாவீரன் தன் தடியால் உடைத்தெறிந்ததால்தான் இந்த இடுக்கு உண்டாயிற்று என்பார்கள். பாறைகளின் நெரிசலை நேரில் பார்த்தவர்களுக்கு அது பொருத்தமான கதையாகவே படும்.

எந்த நேரத்துக்குப் போக வேண்டும்?

ஒரு முறை போனால் போதாது. இரண்டு முறை போக வேண்டும். இதை வற்புறுத்திச் சொல்கிறேன். ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர் வேகமாக ஓடும் ஓர் ஆற்றைப் பார்த்தவர், அவ்வளவுதான். அதே ஆறு எதிர்த்திசையில் ஓடுவதைக் காணும்போதுதான் உடல் சிலிர்க்கும்.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. துறைமுகத்தில் தாழ் ஓதம் வந்து ஏறத்தாழ 3 மணி 50 நிமிடம் கழித்து இடுக்கில் நீர் நிற்கும். உயர் ஓதம் வந்து ஏறத்தாழ 2 மணி 25 நிமிடம் கழித்து மறுபடியும் நிற்கும். உதாரணமாக, காலை 7:00 மணிக்குத் தாழ் ஓதம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆறு கடலை நோக்கி முழு வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். 10:50 மணியளவில் நீர் நிற்கும். அதன் பிறகு திரும்பி ஓடத் தொடங்கி, உயர் ஓதம் வரும் 1:10 மணியளவில் உள்நோக்கிய பாய்ச்சல் உச்சத்தில் இருக்கும். 3:35 மணியளவில் மறுபடி அடங்கி, ஆறு தன் இயல்பான திசைக்குத் திரும்பும். இந்தக் கணக்கைக் கவனித்தால் ஒன்று தெரியும்: உள்நோக்கி ஓடுவது ஐந்து மணி நேரத்துக்குக் குறைவு, கடலை நோக்கி ஓடுவது ஏழரை மணி நேரத்துக்கும் அதிகம். கடல் எவ்வளவு தள்ளினாலும் ஆற்றுக்குத் தன் சொந்த நீரையும் வெளியேற்றியாக வேண்டியிருக்கிறது.

மறுநாள் எல்லா நேரங்களும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.

மழையில் எங்கே நின்று பார்ப்பது?

இடுக்குக்கு மேலே செல்லும் பாலத்தின் மேற்கு முனையருகே பார்வை மேடை இருக்கிறது; அங்கே கண்ணாடித் தளம் வழியே நேர்க்கீழே நீரைப் பார்க்க முடியும். எதிர்க்கரையில் இருக்கும் ஃபால்ஸ்வியூ பூங்காவிலிருந்து பார்த்தால் சுழிகள் கையெட்டும் தூரத்தில் தெரியும். என் தேர்வு இதுதான். மழை வலுத்தால் பூங்காவில் வண்டியை நிறுத்திவிட்டு, சற்று ஓய்ந்ததும் இறங்கிப் பார்க்கலாம். இடுக்கின் ஓரத்திலேயே பெரிய காகிதக்கூழ் ஆலை ஒன்று நிற்பதைக் கண்டு பலர் முகம் சுளிக்கிறார்கள். உழைத்துப் பிழைக்கும் துறைமுக நகரம் இது என்பதை மனத்தில் கொண்டு, பார்வையைச் சற்றுத் தாழ்த்தி நீரைப் பாருங்கள். நீர்க்காகங்கள் பாறை விளிம்பில் வரிசையாக நின்று சிறகை விரித்திருக்கும். சில நாள்களில் கடல்நாயின் வழுவழுப்பான தலை சுழிக்கு நடுவே எழுந்து மறையும்.

மழைத்துளி நீர்ப்பரப்பில் விழும்போது ஓட்டத்தின் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிவதைக் கவனித்திருக்கிறேன். வேகமாக ஓடும் பகுதியில் துளிகளின் அடையாளமே இராது. சுழியின் நடுவே வழவழப்பாகக் கிடக்கும் வட்டத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருக்கும்.

இரண்டு பார்வைகளுக்கும் இடைப்பட்ட நேரத்தை எங்கே கழிப்பது?

நகரின் நடுவே கூரைக்கடியில் கழிக்கலாம். மழைக்கும் பனிக்கும் பழகிய ஊர் என்பதால் மையப் பகுதியின் கட்டடங்களைத் தெருவுக்கு மேலாகச் செல்லும் மூடிய நடைபாலங்கள் இணைக்கின்றன. பெட்வே என்று உள்ளூரில் சொல்வார்கள். துறைமுக ஓரத்து மார்க்கெட் ஸ்கொயரில் நுழைந்தால், நனையாமலே பிரன்சுவிக் ஸ்கொயர் வழியாகப் பழைய நகரச் சந்தை வரை நடந்துவிடலாம். மார்க்கெட் ஸ்கொயரிலேயே பொது நூலகமும் இருக்கிறது. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அது நல்ல ஒதுங்கிடம். அங்கே நியூ பிரன்சுவிக் அருங்காட்சியகம் இருப்பதாகப் பழைய வழிகாட்டி நூல்கள் சொல்லும். அந்தக் காட்சிக்கூடம் மூடப்பட்டுவிட்டது என்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

நகரச் சந்தைக்குக் கட்டாயம் போங்கள். 1876இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பாருங்கள்: கவிழ்த்துப் போட்ட கப்பலின் வயிறுபோல் மர விலாக்கள் இருபுறமும் வளைந்து மேலே சேர்கின்றன. மரக்கப்பல் கட்டிப் பேர்பெற்ற ஊரில் கட்டிய கூரை என்பது பார்த்த உடனே விளங்கும். குன்றுச் சரிவில் கட்டியதால் தரையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்ந்தே போகிறது. மழை பலமாகப் பெய்யும்போது கூரையில் எழும் இரைச்சலுக்குக் கீழே மீன்கடையிலும் ரொட்டிக்கடையிலும் பேரம் நடந்துகொண்டிருப்பதைக் கேட்பதற்காகவே நான் அங்கே போவதுண்டு.

சந்தையில் என்ன வாங்கலாம், என்ன சாப்பிடலாம்?

முதலில் டல்ஸ். கிராண்ட் மனான் தீவில், தாழ் ஓதத்தில் வெளிப்படும் பாறைகளிலிருந்து கையால் பறித்து, வெயிலில் கற்களின்மேல் விரித்துக் காயவைத்த கடற்பாசி இது. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த, தோல்போன்ற இலை. காகிதப் பையில் போட்டு விற்பார்கள். வாயில் போட்ட உடனே வெறும் உப்பு. பத்துப் பதினைந்து நொடி மென்றபின் கருவாட்டை நினைவூட்டும் ஒரு வாசம் எழும்பி, இலை மெல்லக் கரையும். இது முழுக்கத் தாவர உணவுதான். ஆகவே சைவர்களும் துணிந்து ருசி பார்க்கலாம். எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். சிறு பை வாங்கி, ஓர் இலையைப் பிய்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மழைக்கு ஏற்றது சௌடர். மீன், சிப்பி, உருளைக்கிழங்கு சேர்த்துப் பாலும் பாலாடையும் விட்டுக் காய்ச்சிய கெட்டியான சூப் அது. அசைவம் உண்ணாதவர்கள் காய்கறி சூப் இருக்கிறதா என்று கேளுங்கள்; சூப்பின் அடிநீர் மீன் வேகவைத்ததா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது.

தேநீர் குடிக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கனடா முழுதும் அறிந்த ரெட் ரோஸ் தேயிலை 1890களில் இந்த ஊரில்தான் பிறந்தது. தியோடர் எஸ்டாப்ரூக்ஸ் என்னும் வணிகர் இந்தியத் தேயிலையையும் இலங்கைத் தேயிலையையும் கலந்து, எப்போது வாங்கினாலும் ஒரே சுவை இருக்கும்படி பொட்டலம் கட்டி விற்றார். அந்தக் காலத்து இலங்கை மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் மக்கள். செயின்ட் ஜானின் மழையில் நின்றுகொண்டு அந்தத் தொடர்பை நினைக்கும்போது, கையிலிருக்கும் கோப்பையை எளிதில் கீழே வைக்க முடிவதில்லை.

மழை சற்று ஓய்ந்தால் நடந்து பார்க்கத் தக்கவை எவை?

பிரின்ஸ் வில்லியம் தெருவும் ஜெர்மெய்ன் தெருவும். 1877ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி பிடித்த பெருந்தீ ஒன்பது மணி நேரத்தில் 1,600க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். மரத்தால் கட்டிய ஊர் போய்விட்டதால், திரும்பக் கட்டியபோது செங்கல்லும் கல்லுமாகக் கட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் ஒரே மூச்சில் எழுந்த ஊர் என்பதால் தெரு முழுவதும் ஒரே காலத்துச் சிற்பவேலை தெரிகிறது. ஈரம் ஏறிய சிவப்புச் செங்கல்லின் நிறத்தை வெயிலில் பார்க்க முடியாது. தலையை உயர்த்தி நடந்தால் சன்னல் வளைவுகளுக்கு மேலே கல்லில் செதுக்கிய முகங்கள் தென்படும்.

அந்தத் தீயில் தப்பியவை இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, முன்னே சொன்ன சந்தை. திறந்த அடுத்த ஆண்டே ஊரின் ஒரு பெரும் பகுதி எரிந்தபோதும் அது தப்பி நின்றது. மற்றொன்று டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கும் அரச இலச்சினை. அமெரிக்கப் புரட்சியின்போது மன்னருக்கு விசுவாசமாக இருந்தவர்கள் பாஸ்டனிலிருந்து எடுத்துவந்த மரச்சிற்பம் அது. தேவாலயம் எரிந்தபோது அதை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார்கள். 1783இல் அகதிகளாகக் கப்பலில் வந்து இறங்கிய அந்த மக்களால்தான் 1785இல் இது கனடாவின் முதல் நகராட்சியாகப் பட்டயம் பெற்றது.

மூடுபனி வந்துவிட்டால் எதுவுமே தெரியாதே?

தெரியாதுதான். ஓதம் வளைகுடாவின் ஆழத்து நீரை ஓயாமல் கலக்கி மேலே கொண்டுவருவதால் கோடையிலும் கடல் குளிர்ந்தே இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன்மேல் படும்போது பனி படர்கிறது. ஆக, மூடுபனியும் ஓதத்தின் பிள்ளையே. ஜூலையில் இது அதிகம்.

துறைமுக வாயிலில் பார்ட்ரிட்ஜ் தீவு இருக்கிறது. உலகிலேயே முதன்முதலாக நீராவியால் ஒலிக்கும் பனிச்சங்கு 1859இல் அங்கேதான் நிறுவப்பட்டது. அதை வகுத்தவர் ராபர்ட் ஃபவுலிஸ். பனி மூடிய ஓர் இரவில் வீடு திரும்பும்போது தன் மகள் வாசித்த பியானோவின் தாழ்ந்த சுரங்கள் மட்டும் தொலைவுக்குக் கேட்டதைக் கவனித்து, கப்பல்களுக்கு வழிகாட்டத் தாழ்ந்த ஒலியே ஏற்றது என்று அவர் கண்டுகொண்டதாகச் சொல்வார்கள். காப்புரிமை பெறாமல், வறுமையிலேயே அவர் இறந்தார்.

அதே தீவில் நோய்த்தடுப்பு முகாமும் இருந்தது. 1847இல் அயர்லாந்தின் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர்கள் காய்ச்சலோடு வந்திறங்கி, அறுநூறு பேர் அந்தத் தீவிலேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மருத்துவம் பார்க்கப் போன இளம் மருத்துவர் ஜேம்ஸ் பேட்ரிக் காலின்ஸும் அதே காய்ச்சலில் மாண்டார். அவர்கள் நினைவாக ஒரு கற்சிலுவை அங்கே நிற்கிறது. கரையிலிருந்து தீவை நோக்கி நீளும் அலைதடுப்புக் கற்களின்மேல் நடந்து போக முயலாதீர்கள். மழையில் அவை உயிருக்கே ஆபத்தானவை.

நகரத்துக்கு வெளியே போகலாமா?

கார் இருந்தால் போகலாம். அருகிலேயே இருப்பது இர்விங் இயற்கைப் பூங்கா. கடலை ஒட்டிச் சுற்றிவரும் பாதையில் காரிலிருந்தபடியே பார்க்க முடிவதால் மழை நாளில் முதியவர்களுக்கு இதைவிட ஏற்ற இடம் இல்லை.

கிழக்கே முக்கால் மணி நேரத்தில் செயின்ட் மார்ட்டின்ஸ் இருக்கிறது. அங்கே செம்மணற்கல் பாறையைக் கடல் குடைந்த குகைகள் உண்டு. தாழ் ஓதத்தில் கடலின் தரைமீது நடந்து குகைக்குள் போகலாம். உயர் ஓதத்தில் குகை வாய் நீரில் மூழ்கிவிடும். சிறு துறையில் மீன்பிடி படகுகள் சேற்றில் உட்கார்ந்திருக்கும். கூரை போட்ட மரப்பாலங்கள் இரண்டும் அருகருகே இருக்கின்றன. மழைக்கு ஒதுங்க அவையும் உதவும்.

கடல் அரித்துத் தூண்களாக நிற்கும் ஹோப்வெல் பாறைகள் இரண்டு மணி நேரத் தொலைவு. ஒரே நாள் மட்டும் கையில் இருந்தால் அதையும் செயின்ட் ஜானையும் சேர்த்துப் பார்க்க முயல வேண்டாம். இரண்டு இடத்திலும் தாழ் ஓதம் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் வரும், ஒன்றை இழந்தே தீர வேண்டும்.

கடல் தரையில் நடப்பது பாதுகாப்பானதா?

நேரம் தெரிந்து நடந்தால் பாதுகாப்பானது. தாழ் ஓதத்துக்கு முன்பே போய், கடல் திரும்பத் தொடங்கியதும் கரையேறிவிடுங்கள். நீர் முதலில் மெதுவாகத்தான் ஏறும். நடு இரண்டு மணி நேரத்தில்தான் வேகம் பிடிக்கும். முன்னால் நீர் தொலைவில் இருக்கிறது என்று நின்றுகொண்டிருக்கும்போது, பின்னாலிருக்கும் பள்ளம் நிரம்பி வழி அடைபட்டுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மழை நாளில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். பாசி படிந்த கற்கள் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். நனைந்த மணற்கல் முகட்டிலிருந்து கற்கள் உதிரும். 2016ஆம் ஆண்டு மார்ச்சில் ஹோப்வெல்லில் யானைப்பாறை எனப் பெயர்பெற்ற தூணின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. பாறை முகட்டின் அடியில் நின்று படமெடுக்க வேண்டாம்.

குடை எடுத்துப் போகலாமா?

கடற்காற்று குடையை நிமிடத்தில் திருப்பிவிடும். தலைமூடி உள்ள மழைச் சட்டையும், அடியில் பிடிப்புள்ள காலணியும், மாற்றுக் காலுறையும் போதும். ஜூலையிலும் உள்ளே ஒரு கம்பளிச் சட்டை தேவைப்படும்.

எந்த மாதத்தில் மழை குறைவு?

இங்கே மழைக்காலம் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு 1,300 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது. சென்னையின் அளவும் ஏறத்தாழ அதுதான். ஆனால் சென்னையில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட, இங்கே பன்னிரண்டு மாதமும் பங்கிட்டுக்கொண்டு பெய்கிறது. ஆகவே மழையைத் தவிர்க்கத் தேதி பார்ப்பதில் பயனில்லை. ஏப்ரல் இறுதி, மே தொடக்கத்தை மட்டும் தவிர்க்கலாம். உள்நாட்டுப் பனி உருகி ஆறு பெருகும் அந்த வாரங்களில், வெள்ளத்தின் வேகத்தைக் கடலால் எதிர்க்க முடியாமல் ஆறு பின்னோக்கித் திரும்பாமலே போகும் நாள்கள் உண்டு.

மாலையில் கடைசியாக ஓர் இடம் சொல்லுங்கள்.

பிரின்ஸ் வில்லியம் தெருவின் தென்கோடிக்கு நடந்து போங்கள். அங்கே ஒரே கம்பத்தில் மூன்று சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. த்ரீ சிஸ்டர்ஸ் என்று பெயர். 1840களிலிருந்தே துறைமுகத்துக்குள் வரும் மாலுமிகளுக்கு அடையாளமாக இருந்தவை. மூன்றும் தெரிந்தால் கப்பல் சரியான வழியில் வருகிறது. ஒன்றோ இரண்டோதான் தெரிந்தால் கிழக்கிலோ மேற்கிலோ விலகிவிட்டது என்று பொருள். மழை தூறிக்கொண்டிருக்கும்போது விளக்கின் சிவப்பு நனைந்த தெருக்கல்லில் படிந்திருக்கும். அங்கிருந்து கீழே துறைமுகம் தெரியும். காலையில் நீங்கள் பார்த்த தூண்களின் பாசிக்கோடு அப்போது நீருக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்புங்கள்.